ஓமம் போடாத ஓமுரைஸ்

ஆறு வாரமாக எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டன் எடுக்கவில்லை. புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம் ஆனவள் இதை வெளியில் சொல்லவே கூடாது. ஆனாலும் சொல்கிறேன், காரணம் அப்படிப்பட்டது. கறிக்கடைக்காரர் போன வாரம் என் வீட்டுக்காரரை வழிமறித்து, "என்னண்ணே, சைவமாயிட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். சைவம் எங்கே ஆனோம்? ஆளுக்கு மூன்று முட்டை வீதம், நாலு பேருக்கு ஒரு டஜன் உடைத்துக்கொண்டிருக்கிறோம்!

எல்லாம் என் மகளால் வந்தது. பத்தாம் வகுப்புப் படிக்கிறாள், ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம். அதில் யாரோ ஒரு பெண் மஞ்சள் போர்வை போர்த்திய சோற்றை ஸ்பூனால் வெட்டிச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, "அம்மா, ஓமுரைஸ் செஞ்சு தா" என்று நின்றாள். ஆம்லெட்டை ஜப்பான்காரர்கள் 'ஒமுரெட்சு' என்பார்களாம். அதன் தலையை வெட்டி ரைஸோடு ஒட்டினால் ஓமுரைஸ். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் மாமியாருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. "ஓமம் போட்ட சோறா? செய்யித்தா, வயித்துக்கு நல்லது" என்றார்.

ஓமம் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. வெங்காயமும் கோழித் துண்டும் வதக்கி, தக்காளி கெச்சப்பில் பிரட்டிய சோறு. அதைத் தட்டில் குவித்து, மேலே கொழகொழவென்று ஒரு ஆம்லெட். கத்தியால் நடுவில் ஒரு கீறு கீறினால் ஆம்லெட் இரண்டு பக்கமும் விரிந்து, உள்ளே பாதி வெந்த முட்டை சோற்றின் மேல் வழிந்து இறங்கும். அந்த இரண்டு நொடிக்காகத்தான் உலகமே இதன் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. கியோட்டோவில் மோட்டோகிச்சி யுகிமுரா என்று ஒரு சமையல்காரர் இருக்கிறார். கடையின் பெயர் கிச்சி கிச்சி. பெயரே கிச்சுகிச்சு மூட்டுகிறது, இல்லையா? மனிதரும் அப்படித்தான். வாணலியைத் தட்டித் தட்டி ஆம்லெட்டை உருட்டி, சோற்றின் மேல் வைத்து, கீறித் திறக்கும்போது அவர் முகத்தில் வரும் பூரிப்பைப் பார்க்கவேண்டும், ஏதோ முதன்முறையாகச் செய்தவர் மாதிரி.

நானும் அவர் வீடியோவை வைத்துத்தான் தொடங்கினேன். முதல் ஞாயிறு வந்தது பொடிமாஸ். இரண்டாவது ஞாயிறு வாணலியின் கீறலில் ஒட்டிக் கிழிந்தது. மூன்றாவது ஞாயிறு உருண்டு வந்தது, கீறினால் திறக்கவில்லை. உள்ளே கல் மாதிரி வெந்திருந்தது. மகள் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்தாள். அதுதான் தாங்கவில்லை.

திறவுகோல் கியோட்டோவில் இல்லை, எங்கள் ஊர் பேருந்து நிலையத்துப் பக்கத்துப் பரோட்டாக் கடையில் இருந்தது. அன்று ராத்திரி பரோட்டா வாங்கப் போனவள் கல்லுக்கு முன்னால் நின்றுவிட்டேன். மாஸ்டர் ஒரு கிண்ணத்தில் முட்டையை உடைத்து, மிளகுத்தூள், உப்பு, அரைக் கரண்டி சால்னா ஊற்றி ஒரு அடி அடித்தார். கல்லில் ஊற்றினார். ஓரம் வெள்ளையாகத் திரும்பும் முன்பே நாலு பக்கமும் மடித்து, தோசைத் திருப்பியால் அள்ளி இலையில் போட்டார். கலக்கி! மேலே மெல்லிய தோல், உள்ளே தளதளவென்று குழைவு. இருபது நொடி ஆகியிருக்காது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அட, இத்தனை வருஷமாக இதைத்தானே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்! ஹாஃப் பாயில், கரண்டி ஆம்லெட், வழியல், எங்கள் ஊரின் பெருமையான முட்டை மாஸ் என்று முட்டையை இத்தனை விதமாகப் பார்த்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஜப்பானைப் பார்த்து மலைத்துக்கொண்டிருக்கிறேன்.

"மாஸ்டர், எப்ப எடுக்கணும்னு எப்படித் தெரியுது?" என்று கேட்டேன்.

"வெந்துருச்சுன்னு தெரிஞ்சப்புறம் எடுத்தா லேட்டுக்கா. வேகப்போகுதுன்னு தெரியறப்பவே எடுத்துரணும். மிச்சம் இலையில அதுவா வெந்துக்கும்."

அவ்வளவுதான் பாடம். அடித்த முட்டை எழுபது டிகிரியைத் தாண்டினாலே இறுக ஆரம்பித்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கியபிறகும் அதன் சூடு அதையே வேகவைத்துக்கொண்டிருக்கும். நான் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்வரை காத்திருந்தேன், அதற்குள் காரியம் கெட்டிருந்தது. மாஸ்டரிடம் காசு கொடுத்துவிட்டு நேராகக் கீழ ராஜ வீதிக்குப் போய், மறுநாள்வரை பொறுக்க முடியாமல், ஒரு சாண் அகலத்தில் புது நான்ஸ்டிக் வாணலி வாங்கினேன். பெரிய வாணலி வேண்டாம், முட்டை பரவி மெலிந்துவிடும். பழையதைத் தோசைக்குக்கூட விடவில்லை, கடாசிவிட்டேன்.

நாலாவது ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன்.

சோறு முதலில். சீரகச் சம்பாவில் செய்து பார்த்தேன், பொலபொலவென்று உதிர்ந்து குவியலாக நிற்கவில்லை. வாசனையும் கெச்சப்போடு சண்டை போட்டது. ஜப்பான் அரிசி குட்டையானது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு நம் ஊரில் என்ன வழி என்று யோசித்தால், ரேஷன் பச்சரிசி! சிரிக்காதீர்கள். ஒரு கொதி கூடுதலாக விட்டு வடித்து, தட்டில் ஆறவைத்தால் அந்தப் பதம் அப்படியே வருகிறது. பொங்கலுக்கும் மாவுக்கும் மட்டும் என்று ஒதுக்கி வைத்த அரிசிக்கு இப்படி ஒரு யோகம்.

ஆளுக்கு ஒரு கிண்ணம் சோறு, எலும்பில்லாத கோழித் தொடைக்கறி ஒரு கைப்பிடி, பாதிப் பெரிய வெங்காயம். சின்ன வெங்காயம் போட்டால் இனிப்பு தூக்கும், அதைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயில் வெங்காயத்தையும் கறியையும் வதக்கி, மிளகுத்தூள், உப்பு. இனித்தான் ஒரு நுணுக்கம். கெச்சப்பைச் சோற்றின் மேல் ஊற்றாதீர்கள். கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, காலியான இடத்தில் மூன்று ஸ்பூன் கெச்சப்பை விட்டுக் கொதிக்கவிடுங்கள். தண்ணீர் சுண்டி, புளிப்பு அடங்கி, செங்கல் நிறத்துக்கு வரும். அப்புறம் சோறு. நேரடியாக ஊற்றினால் சோறு சொதசொதவென்று ஆகும். இதற்கு ஜப்பானில் என்ன பெயர் தெரியுமா? சிக்கன் ரைஸ்! எங்கள் ஊர் ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் டணார் டணார் என்று கரண்டி தட்டிச் செய்து தரும் செக்கச்சிவந்த சரக்குக்கும் அதே பெயர்தான். ருசி வேறு, குலம் ஒன்று.

முட்டை மூன்று, ஒரு ஸ்பூன் பால், உப்பு. அடித்து டீ வடிகட்டியில் வடித்துவிடுங்கள். வெள்ளைக்கரு திட்டுத்திட்டாக நிற்காது. வாணலியில் வெண்ணெய் போட்டதும் சடசடக்கும், நுரைக்கும்; சத்தம் அடங்கும் நொடியில் முட்டை. உடனே கரண்டிக் காம்பால் கலக்கு, கலக்கு, வாணலியையும் ஆட்டு. பாதி கூழ், பாதி குழம்பு என்ற நிலையில் தீயை விட்டுத் தூக்கி, வாணலியைச் சாய்த்து, முட்டையை ஓரத்துக்கு ஒதுக்கி மடித்தேன். மணிக்கட்டில் தட்டினேன். உருண்டது! ஒரு சுற்று சுற்றி, சேலை மடிப்பு மாதிரி வாயை மூடிக்கொண்டது. மாஸ்டர் சொன்னபடி, வேகப்போகிறது என்று தோன்றிய நொடியில் சோற்றின் மேல் சாய்த்தேன்.

மகள் கத்தியால் கீறினாள். திறந்தது.

வீட்டில் யாரும் பேசவில்லை. மஞ்சள் திரை இரண்டு பக்கமும் சரிந்து இறங்கி, செவ்வண்ணச் சோற்றைப் போர்த்தியது. நான் இரண்டு பிள்ளை பெற்றவள், அந்தச் சந்தோஷத்தோடு இதை ஒப்பிடக்கூடாது. கொஞ்சம் பக்கத்தில் வைக்கலாம்.

வாயில் போட்டால் முதலில் வெண்ணெய் வாசம், பிறகு முட்டையின் வழவழப்பு, அப்புறம் கெச்சப்பின் புளிப்பும் இனிப்பும், கடைசியில் கோழி. காரம் இல்லாத சாப்பாட்டை நான் இப்படி ரசித்ததே இல்லை. காய்ச்சல் விட்ட மறுநாள் ரசம் சோறு உள்ளே இறங்கும்போது ஒரு ஆறுதல் வருமே, அதேதான், கலர் மட்டும் வேறு.

அப்புறம்தான் இதன் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். தோக்கியோவின் கின்சா பகுதியில் 1895-ல் தொடங்கிய ரெங்காதெய் என்ற உணவகம் நாங்கள்தான் முதல் என்கிறது. ஆனால் அவர்கள் செய்தது சோற்றையும் முட்டையையும் சேர்த்தே கலந்து வார்த்தது, வேலையாட்கள் நின்றபடி சாப்பிடுவதற்காக. ஒசாக்காவின் ஹொக்கியோகுசெய் உணவகம் இன்னொரு கதை சொல்கிறது. 1925-ல் அங்கே ஒரு வாடிக்கையாளர், வயிறு சரியில்லாதவர், தினமும் ஆம்லெட்டும் வெறும் சோறும் மட்டும் கேட்பாராம். பாவம், தினம் இதையே எப்படிச் சாப்பிடுவார் என்று முதலாளி மனம் இளகி, தக்காளிச் சோற்றை மெல்லிய முட்டை அடையில் சுற்றிக் கொடுத்தார். இதைப் படித்ததும் திண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். வயித்துக்கு நல்லது என்று என் மாமியார் ஓமத்தை நினைத்துச் சொன்னது ஒசாக்கா வரலாற்றில் போய் முட்டுகிறதே!

கீறித் திறக்கும் பாணி பிற்பாடு வந்தது. 1985-ல் ஜூசோ இதாமி இயக்கிய 'தம்போபோ' படத்தில், வீடில்லாத ஒருவர் ஒரு சிறுவனுக்காக ராத்திரியில் உணவகத்துச் சமையற்கட்டில் திருட்டுத்தனமாக நுழைந்து செய்து கொடுப்பார். தைமெய்கென் என்ற பழைய தோக்கியோ உணவகத்தோடு சேர்ந்து உருவாக்கிய பாணி அது. படம் வந்தபின் ஜப்பான் முழுக்கக் கத்தி எடுத்துக் கீற ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கறாராகச் சொல்லவேண்டும். ஜப்பானில் முட்டையைப் பச்சையாகவே சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள், அதற்கென்றே பார்த்துப் பார்த்துச் சுத்தம் செய்து விற்கிறார்கள். நமக்கு நாமக்கல்லிலிருந்து வெயிலில் வந்து கடையில் அடுக்கியிருப்பதை அப்படி நம்ப முடியாது. வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள், பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கொழகொழ முட்டை வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு ஒசாக்கா பாணி: முழுதாக வெந்த மெல்லிய அடையில் சோற்றைச் சுற்றிக் கொடுங்கள். வீட்டில் என் மாமியாருக்கு அதுதான். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கலக்கியில் பழகிய வயிறு, நாங்கள் எங்கள் பொறுப்பில் சாப்பிடுகிறோம். மகளுக்கு இப்போதெல்லாம் கீறிய பிறகு மூடி போட்டு ஒரு நிமிஷம் ஆவியில் வைத்துத்தான் தருகிறேன். முறைக்கிறாள், முறைக்கட்டும்.

இது கூட்டத்துக்கான சமையல் அல்ல என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எங்கள் மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்துத் தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா அண்டாவாகச் சமைத்து, 2021-ல் யூடியூபில் ஒரு கோடி பேரைச் சேர்த்தார்கள். அந்தப் பாணிக்கு ஓமுரைஸ் மசியாது. தோசை மாதிரிதான், ஒவ்வொன்றாக வார்க்கவேண்டும், வார்ப்பவள் கடைசியில் சாப்பிடவேண்டும். நாலாவது தட்டு தயாராகும்போது முதல் தட்டு காலி. பரவாயில்லை, கடைசித் தட்டுக்குக் கை நன்றாகப் பழகியிருக்கும், அது எனக்கு.

மாமியாரை வழிக்குக் கொண்டுவந்த கதை ஒன்று பாக்கி. முதல் வாய் வைத்ததும், "ஏத்தா, சோத்துல சர்க்கரையப் போட்டுட்டியா?" என்றார். ஒதுக்கி வைத்துவிடுவார் என்று பயந்துபோய், முதல்நாள் பரோட்டாவோடு வந்து மிச்சமிருந்த சால்னாவைச் சுடவைத்துச் சுற்றிலும் ஊற்றினேன். இது ஒன்றும் அபச்சாரம் இல்லை. ஜப்பானிலும் எலும்பும் காய்களும் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சிய பழுப்புக் குழம்பை ஊற்றிக் கொடுப்பது உண்டு, அவர்கள் ஊர்க் கறிக்குழம்பை ஊற்றுவதும் உண்டு. சால்னாவும் எலும்பில் காய்ச்சியதுதானே! கெச்சப்பின் இனிப்பைச் சோம்பும் பட்டையும் பிடித்துக்கொண்டன. சத்தியமாகச் சொல்கிறேன், இதைக் கின்சாவில் வைத்தால் வரிசை நிற்கும். மாமியார் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

தோக்கியோவில் ஓமுரைஸ் மேல் கெச்சப்பால் பெயர் எழுதி, இதயம் வரைந்து கொடுக்கும் கடைகள் உண்டு. மகள் அதையும் விடவில்லை. போன ஞாயிறு பாட்டி தட்டில் 'அப்பத்தா' என்று எழுதத் தொடங்கினாள். நம் எழுத்துக்கு முட்டை பத்தவில்லை. 'அப்பத்' வரைக்கும் மஞ்சளில் நின்றது, 'தா' தட்டின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. மாமியார் முதலில் விரலால் அந்தத் 'தா'வைத்தான் வழித்து நக்கினார்.

நேற்று வேலை விட்டு வந்து காலைக்கூடக் கழுவவில்லை, திண்ணையிலிருந்து குரல் வந்தது.

"ஏத்தா, வயிறு ஒரு மாதிரியா இருக்கு. அந்த ஓமச் சோறு கொஞ்சம் பண்ணேன்."