கலாச்சார அமைச்சகத்தின் நடராசர், ஜவுளி அமைச்சகத்தின் ஸ்தபதி

2023இல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் 27 அடி உயர நடராசரை நிறுத்தினார்கள். செய்துதரச் சொன்னது, மத்திய கலாச்சார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திரா காந்தி தேசியக் கலை மையம். செய்தவர்கள் சுவாமிமலை தேவசேனாபதி ஸ்தபதியின் மகன்கள். எட்டு உலோகக் கலவை, ஏறக்குறைய 18 டன் எடை, மெழுகில் உருவம் பிடித்து மண் பூசி உருக்கி ஊற்றுகிற அதே பழைய வார்ப்பு. நாட்டின் முகப்பில் வைக்கத் தகுந்த சிற்பம் எது என்ற கேள்வி வந்தபோது அமைச்சகத்துக்குச் சுவாமிமலைக்கு வழி தெரிந்திருக்கிறது.

லலித் கலா அகாதெமியும் அதே அமைச்சகத்தின் கீழ்தான் இருக்கிறது. தேசியக் கலைக் கண்காட்சி நடத்தி, ஓவியத்தோடு சிற்பத்துக்கும் தேசிய விருது கொடுப்பது அது. அந்த விருது போகும் பாதையில் மட்டும் சுவாமிமலை கிடையாது. விருது வேண்டுமென்றால் ஸ்தபதி போக வேண்டியது ஜவுளி அமைச்சகத்துக்கு. பாய்க்கும் மண்பாண்டத்துக்கும் பொறுப்பான கைவினை ஆணையர் அலுவலகம்தான் அவருக்கும் பொறுப்பு.

இதைச் சொன்னால் ஒரு பதில் தயாராக இருக்கும். ஸ்தபதிகளுக்கென்றே விருது இருக்கிறதே, 1965 முதல் கைவினைஞர் தேசிய விருது, 2002 முதல் ‘சில்ப் குரு’, இன்னும் என்ன குறை என்பார்கள். விவரம் தெரிந்தவர்களும் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குறையே அந்த ஏற்பாடுதான் என்பது என் நெடுநாள் வாதம்.

அகாதெமி விருதால் நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. சந்தை எட்டாத ஊர்களிலிருந்து வரும் இளம் சிற்பிக்குப் பணமும் பெயரும் அதில் கிடைக்கின்றன. சென்னையிலிருந்து தனபால், ஜானகிராம், நந்தகோபால் ஆகிய சிற்பிகள் நாடறியப்பட்டதில் அதற்குப் பங்குண்டு. இவர்களில் யார் பெற்றதும் தகாத விருது அல்ல.

ஆனால் ஜானகிராமையே எடுத்துக்கொள்வோம். உலோகத் தகட்டைத் தட்டி வளைத்து, கம்பி வைத்துப் பற்றவைத்து அவர் செய்த முகங்களின் மூலம் எங்கே இருக்கிறது? கோயில் மூர்த்திகளுக்குச் சார்த்தும் கவசத்தில். அதை அவர் மறைக்கவுமில்லை. தகட்டை உடம்பாக நினைக்கலாம் என்று கண்டது அவருடைய மேதைமை. அதற்குத் தேசிய விருது கிடைத்தது நியாயம். ஆனால் அந்தத் தகட்டு வேலையைத் தலைமுறைகளாகக் காப்பாற்றி அவர் கைக்கு எட்ட வைத்த கவசக்காரருக்கு அதே வரிசையில் நிற்க இடமில்லை. அவர் நிற்க வேண்டிய வரிசை வேறு கட்டடத்தில் இருக்கிறது.

வரிசை மாறியவரும் ஒருவர் உண்டு. ஜெர்மனியின் மியூனிக்கில் படித்துவிட்டு வந்த மீரா முகர்ஜி, பஸ்தரின் வார்ப்புக் கலைஞர்களிடம் உட்கார்ந்து வேலை கற்றார். 1968இல் உலோக வேலையில் தலைசிறந்த கைவினைஞருக்கான குடியரசுத் தலைவர் விருது அவருக்குக் கிடைத்தது. கல்லூரியிலிருந்து பட்டறைக்கு வருகிறவருக்குக் கதவு திறக்கிறது. வந்தவரைக் கொண்டாடவும் செய்கிறோம். பட்டறையிலிருந்து மறுபக்கம் போக வேண்டுமானால் நடைமுறையில் முதலில் கல்லூரியில் சேர்ந்து பட்டம் வாங்கி வர வேண்டும். அகாதெமியின் விருதுப் பட்டியலைப் புரட்டுங்கள், பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஏதாவதொரு நுண்கலைக் கல்லூரி இருக்கும். பழங்குடிக் கலைக்கும் நாட்டார் கலைக்கும் அகாதெமி முகாம் நடத்துவதுண்டு. கூப்பிட்டு வேலை செய்யவைத்து வேடிக்கை பார்ப்பது ஒன்று, போட்டியில் சமமாக நிறுத்துவது வேறு.

ஸ்தபதி நகலெடுக்கிறார், சிற்பி படைக்கிறார் என்பதுதான் இந்தப் பிரிவினைக்குச் சொல்லப்படும் காரணங்களில் கனமானது. உருவத்தின் அங்க அளவு, அதாவது தாலமானம், சிற்ப நூலில் இருக்கிறது, உருவம் தியான சுலோகத்தில் இருக்கிறது, பின் ஸ்தபதிக்கு என்ன வேலை மிச்சம்? வெண்பாவுக்கும் தளை உண்டு; அதனால் வெண்பா பாடியவர்கள் எல்லாரும் ஒரே கவிஞர் என்று நம்மில் யாரும் சொல்லத் துணிந்ததில்லை. தென்னங்குருத்தை மடித்து அளவு எடுத்த பிறகுதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. தூக்கிய திருவடி காற்றில் கனமில்லாமல் நிற்குமா, உதட்டின் ஓரம் சிரிப்பாகுமா இளிப்பாகுமா என்பதற்கெல்லாம் நூலில் அளவில்லை. ஒரே அளவில் இரண்டு பட்டறைகள் வார்த்த இரண்டு சிவகாமிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பழகிய கண் எது எந்தக் கை என்று சொல்லிவிடும். விருதுக் குழுவில் அந்தக் கண் இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம்.

மாமல்லபுரம் சாலையோரத்தில் அடுக்கியிருக்கும் பிள்ளையார்களைக் காட்டி என்னை மடக்கலாம். மடங்குகிறேன். அவற்றில் முக்கால்வாசி ஓட்டல் வரவேற்பறைக்கான சரக்கு. ஆனால் தேசியக் கண்காட்சிகளுக்கு வரும் ஃபைபர் கிளாஸ் உடல்களும், பழைய இயந்திர உதிரிகளை ஒட்டிச் செய்த குதிரைகளும் என்ன வாழ்கின்றன? அங்கேயும் ஒரு தாலமானம் நடக்கிறது, எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு மரபை அதன் மட்டமான சரக்கை வைத்தும் இன்னொன்றை அதன் சிறந்த படைப்பை வைத்தும் எடைபோட்டுவிட்டு அதற்குத் தரநிர்ணயம் என்று பெயர் வைக்கக் கூடாது.

இரண்டு விருதுகளுக்கும் நடுவில் ஸ்தபதி மாட்டிக்கொள்வது இன்னும் மோசம். கைவினை விருதில் மரபைக் காத்ததும், அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்ததும் பெருமையாகக் கணக்கில் வரும். சரிதான். ஆனால் ஒருநாள் அவருக்கு மரபிலில்லாத உருவமொன்றை வார்க்கத் தோன்றினால்? காவிரி வெள்ளத்தையோ, வேலை முடிந்து திரும்பும் தன் பட்டறைப் பையனையோ அவர் வார்த்தால் அது கைவினை விருதில் பெருமை சேர்க்காது, அகாதெமியில் அதை அவரிடம் யாரும் எதிர்பார்க்கவுமில்லை. பரிசோதனை செய்யத் தெரியாதவர் என்று அவரைக் குறை சொல்கிற நாம்தான் அவர் பரிசோதனை செய்வதற்கான காரணம் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

பல கைகள் சேர்ந்து செய்வதை ஒருவர் படைப்பு என்று எப்படி ஏற்பது என்றும் கேட்பார்கள். மெழுகு பிடிப்பவர் ஒருவர், மண் பூசுபவர் ஒருவர், உருக்கி ஊற்றுபவர்கள் சிலர், உளி வேலை இன்னொருவர் என்பது உண்மையே. ஆனால் 182 மீட்டர் உயர பட்டேல் சிலையின் வெண்கலத் தகடுகள் சீனாவில் வார்க்கப்பட்டன. அதனால் அது சிற்பி ராம் சுதாருடைய சிலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சுதாருக்கு ஒரு நியாயம், சுவாமிமலைக்கு ஒரு நியாயமா?

பத்ம விருதுகள் இந்த வேலியைப் போடவில்லை. புரியின் கல்தச்சர் மரபில் வந்த ரகுநாத் மகாபாத்ராவுக்கு 1975இல் பத்மஸ்ரீ, 2001இல் பத்மபூஷண், 2013இல் பத்மவிபூஷண், எல்லாம் கலைக்காக. கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவரை எழுப்பிய கணபதி ஸ்தபதிக்கு 2009இல் பத்மபூஷண். போபாலின் பாரத் பவனில் 1982இலேயே ஓவியர் ஜெகதீஷ் சுவாமிநாதன் பழங்குடிக் கலைஞர்களின் படைப்புகளையும் நவீனக் கலைஞர்களின் படைப்புகளையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். கூரை இடிந்துவிடவில்லை.

இப்போது சிலர் சமரசமாக ஒன்று சொல்கிறார்கள். அகாதெமி விருதிலேயே ‘மரபுச் சிற்பம்’ என்று தனிப் பிரிவு தொடங்கினால் போதுமாம். வேண்டாம். வேறு கட்டடத்திலிருந்த வரிசையை இந்தக் கட்டடத்தின் பின்வாசலுக்கு மாற்றுவது அது. விண்ணப்பத்தில் பட்டறையின் பெயரையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தேர்வுக் குழுவில் வார்ப்புத் தொழில் தெரிந்த ஸ்தபதி ஒருவரை உட்காரவையுங்கள். ஒரே மேடையில் எல்லாச் சிலைகளையும் வையுங்கள். சுவாமிமலைச் சிலை அங்கே தோற்றால் தோற்கட்டும். எந்த அமைச்சகத்தின் கோப்பிலிருந்து வந்தது என்பதற்காகத் தோற்கக் கூடாது.