கிராம் காட்டும் தட்டு

சமையலறைத் தராசில் எனக்குப் பிடித்தது டேர் பொத்தான். வெறும் தட்டை வைத்து அழுத்தினால் எண் பூஜ்யமாகிவிடும். சோறு போட்டால் சோற்றின் எடை. மறுபடி அழுத்திக் குழம்பை ஊற்றினால் குழம்பின் எடை மட்டும். தனித்தனிக் கிண்ணம் கழுவும் வேலை மிச்சம்.

உள்ளே இருப்பது சின்ன உலோகத் துண்டு. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாமல் வளைகிறது. அதில் ஒட்டிய மெல்லிய கம்பியிழையின் மின்தடை மாறுகிறது. அந்த மாற்றமே திரையில் கிராமாக வருகிறது. ஆகவே சமையல் மேடை ஆடக் கூடாது.

5 கிலோ தாங்கி, 1 கிராம்வரை காட்டினால் வீட்டுக்குப் போதும். கடையில் சாப்பாட்டுத் தட்டு ஒன்றை மேலே வைத்துப் பாருங்கள். தட்டு திரையின் எண்ணை மறைத்தால் வேறு தராசு எடுங்கள். 100 கிராம் அரிசி வெந்தால் இரண்டரை மடங்குக்கும் மேலாகலாம். அளவுச் சாப்பாட்டுக்காரர்கள் அரிசியை எடை போட்டார்களா, சோற்றையா என்பதையும் சேர்த்து எழுதிவைப்பது உத்தமம்.