கைக்குட்டையின் வேலைப்பாடு

ஆங்கிலங் கற்ற நம்மவருட் பலர் 'ஒர்க்' என்னும் சொல்லைக் கண்டதும் உழைப்பென்றே பொருள் கொள்வர். ஊசியால் துணியிற் செய்யும் பூவேலையையும் அச்சொல் பண்டு குறித்தது. இன்று அவ்வழக்கு அருகிவிட்டது. தமிழர்க்கு இஃதொரு புதுமையன்று. சேலையின் அழகைக் கூறுமிடத்து நாமும் 'வேலைப்பாடு' என்றே கூறுகின்றோமன்றோ?

இப்பொருளை அறியாதார் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் ஒரு நுட்பத்தை இழந்துவிடுவர். 1604-ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசவையில் நடிக்கப்பெற்ற அந்நாடகம் ஒரு கைக்குட்டையைப் பற்றியே சுழல்கின்றது. ஸ்டிராபெரிப் பழங்கள் தைத்த அக்குட்டையை ஒதெல்லோ தன் காதலி டெஸ்டிமோனாவுக்கு முதற் பரிசாக அளித்தான். அது தவறி விழ, அவள் தோழி எமிலியா கண்டெடுத்து, அதன் 'ஒர்க்'கை நகலெடுக்க எண்ணுகிறாள். அதற்குள் அவள் கணவன் இயாகோ அதனைக் கைப்பற்றிக் காஸியோவின் அறையிற் போட்டுவிடுகிறான். காஸியோவும் அவ்வேலைப்பாட்டை விரும்பி, உரியவர் வந்து கேட்குமுன் நகல் செய்து தருமாறு பியாங்காவிடம் கொடுக்கிறான். அவளோ வேறொருத்தியின் காதற்பொருளென்று சினந்து மறுக்கிறாள்.

இருமுறை எண்ணியும் ஒருமுறையேனும் நகல் எடுக்கப்படவில்லை. இதனை நாம் வீண் செய்தியெனத் தள்ளலாகாது. இருநூறு ஆண்டு கண்ட கிழவியொருத்தி தைத்ததென அக்குட்டையின் பெருமையை விரித்துரைத்தவன் ஒதெல்லோவே. அவனே பின்னர் அதனைத் தன் மனைவியின் குற்றத்துக்குச் சான்றாக மட்டும் காண்கிறான். தைத்தவளின் உழைப்பு அவன் கண்ணினின்று மறைந்தது. தன் உடைமை களவு போயிற்றென்னும் எண்ணமே எஞ்சியது. அவ்வெண்ணத்துக்குக் குற்றமற்ற ஒருத்தி பலியானாள். உண்மையை வெளியிட்ட எமிலியாவும் கணவன் கையால் மடிந்தாள்.

ஆதலின், இந்நாடகத்தைத் தமிழாக்குவோர் அச்சொல்லை 'மாதிரி' என்றோ 'சித்திரம்' என்றோ பெயர்த்தல் போதாது. 'வேலைப்பாடு' என்றே வைத்தல் வேண்டும். அழகோடு உழைப்பையும் சேர்த்துக் காட்டுவது அச்சொல்லேயாம்.

நிற்க. நம் இல்லங்களிற் பெண்மக்கள் தலையணையுறையிற் பூத்தைப்பதைக் கண்டால் 'பொழுதுபோக்கு' என்கின்றோம். தைத்த துணியில் வேலைப்பாட்டைப் புகழும் நாம், தைத்தவள் செய்தது வேலையென்று ஒப்பத் தயங்குவதேன்? அன்பர்கள் சிந்திப்பாராக.