ஓசையின்றிச் சேரும் பாரம்

பனி விழுவது வேறு. மழை விழுந்து பனிக்கட்டியாவது வேறு. வட அமெரிக்கக் குளிர்காலத்தின் சில நாள்களில், மேலே வெப்பக் காற்றும் கீழே நிலத்தை ஒட்டிக் கடுங்குளிர்க் காற்றும் அடுக்காக நிற்கும். அப்போது நீராகவே இறங்கும் மழைத்துளி, கிளையையோ கம்பியையோ தொட்ட கணத்தில் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. இடி முழக்கம் இல்லை, சூறைக்காற்றும் வேண்டியதில்லை. கண்ணாடி பூசினாற்போல் ஊரே பளபளக்கிறது. மணிக்கணக்காகச் சேர்ந்த பாரம் தாங்காமல் மரங்கள் முறிகின்றன. மின்கம்பிகள் அறுந்து விழுகின்றன. வீடுகள் இருளிலும் குளிரிலும் மூழ்குகின்றன. அழகும் அழிவும் ஒன்றாகவே வரும் இந்த உறைமழைப் புயலைக் குடும்பக் கதையின் நடுவில் நிறுத்திய திரைப்படம் ‘தி ஐஸ் ஸ்டோர்ம்’. தைவானில் பிறந்த ஆங் லீ இயக்கிய இப்படம் 1997-இல் வெளிவந்தது. ரிக் மூடி 1994-இல் வெளியிட்ட நாவலைத் திரைக்கதையாக்கிய ஜேம்ஸ் ஷேமஸ், அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருதைப் பெற்றார்.

கதை 1973 நவம்பரில், அமெரிக்கர்கள் நன்றியறிதல் நாளைக் கொண்டாடும் வாரத்தில் நிகழ்கிறது. இடம், கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ கேனான் என்னும் வசதி மிக்க ஊர். வாட்டர்கேட் விவகாரத்தில் சிக்கிய அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றிக்கொண்டிருக்கும் காலம் அது. ஹூட் குடும்பத்தில் தந்தை பென், தாய் எலெனா, 16 வயது மகன் பால், 14 வயது மகள் வெண்டி. அருகில் கார்வர் குடும்பம்: ஜிம், ஜேனி, அவர்களுடைய மகன்கள் மைக்கி, சாண்டி. பென்னுக்கும் ஜேனிக்கும் தகாத உறவு இருக்கிறது. எலெனா அதை மெல்ல உணர்கிறாள். பிள்ளைகளோ, பெற்றோர் தொலைத்த பாசத்தைத் தங்களுக்குள்ளே தடுமாறித் தேடுகிறார்கள்.

இவ்வீடுகளில் மின்சாரம் போவதற்கு முன்பே குளிர் புகுந்துவிட்டது என்பதை இயக்குநர் சிறு காட்சிகளால் உணர்த்துகிறார். வெளியூர் சென்று திரும்பிய ஜிம், தாம் வந்துவிட்டதைப் பிள்ளைகளுக்கு அறிவிக்கிறார். அவர் ஊரில் இல்லாததையே மகன் அறிந்திருக்கவில்லை. விருந்து மேசையில் செபம் சொல்லும்படி பென் மகளைக் கேட்கிறார். வெண்டியோ, பூர்வகுடிகளைக் கொன்று நிலத்தைப் பறித்ததற்கும் ஆசியக் குழந்தைகள் குண்டில் எரியும்போது தாங்கள் வயிறு நிரப்புவதற்குமாக நன்றி கூறி, செபத்தையே குத்தலாக்கிவிடுகிறாள். நாம் அவளைக் கடிந்துகொள்வதற்கு முன் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மேசையில் உண்மை பேசியவள் அவள் ஒருத்தியே. பெரியவர்களுக்கு அது சடங்கு. அவளுக்கோ அடக்கிவைத்த சினம்.

புயல் இரவில் பெரியவர்கள் ஒரு விருந்தில் கூடுகிறார்கள். கணவர்கள் கார்ச் சாவிகளை ஒரு கிண்ணத்தில் இடுவதும், எடுக்கும் சாவிக்கு உரியவரோடு ஒவ்வொரு மனைவியும் புறப்படுவதும் அங்கே விளையாட்டு. ஊர்ச் சபையின் போதகரும் அங்கு வருகிறார். மேய்ப்பனுக்கும் சில வேளை ஆடுகளின் துணை வேண்டும் என்று சமாளிக்கிறார். அதன் பொருளை உணராதிருக்கவே தான் முயலப்போவதாக எலெனா விடையிறுக்கிறாள். இக்காட்சிகளைக் கிளர்ச்சியூட்டும் வண்ணம் இயக்குநர் படமாக்கவில்லை. அவ்விருந்தின் வெறுமையையே காட்டுகிறார். எனினும் இது சிறுவருடன் அமர்ந்து காணத் தக்க படமன்று. பெற்றோர் தனித்துக் கண்டு, பின் தமக்குள் பேசவேண்டிய படம்.

அதே இரவில் மைக்கி வெளியே நடக்கிறான். கடுங்குளிரில் காற்று தூய்மையாகிவிடுகிறது என்று வகுப்பறையில் பேசியவன் அவன். பளிங்காய் மாறிய ஊரைக் காணும் வியப்பே அவனை அழைத்துச் செல்கிறது. சாலையோரத் தடுப்புக் கம்பியில் அமர்கிறான். அறுந்து விழுந்த மின்கம்பி அதில் படுகிறது. அவன் உயிர் பிரிகிறது.

பெற்றோரின் பாவத்துக்குப் பிள்ளை பலியானான் என்று இச்சாவை விளக்குவோர் உண்டு. அவ்விளக்கத்தை நாம் ஏற்க இயலவில்லை. அவனைக் கொன்றது கம்பியில் ஏறிய பனியின் எடையும், இரும்பில் பாய்ந்த மின்சாரமுமே. இயக்குநரும் தீர்ப்புக் கூறும் குரல் எதையும் வானிலிருந்து ஒலிக்கவிடவில்லை. ஆனால் அவர் கேட்காமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நள்ளிரவில், புயலில், ஒரு சிறுவன் வீட்டை விட்டு வெளியேறும்போது அவன் எங்கே போகிறான் என்று கேட்க அவ்வீட்டில் யார் இருந்தார்? புயலுக்குப் பெற்றோர் பொறுப்பல்லர். கேட்க ஆளில்லாத வீட்டுக்குப் பொறுப்பு அவர்களே.

படத்தில் நம்மை மிகவும் ஆட்கொண்டவை பென்னின் கைகள். முன்பொரு காட்சியில், மைக்கியோடு இருந்த மகளைக் கண்டித்து மரங்களிடையே வீட்டுக்கு அழைத்து வருகிறார். வழியில், கால்விரல்கள் குளிர்கின்றனவா என்று கேட்டுக் குழந்தையைப்போல் அவளைத் தூக்கிச் சுமக்கிறார். பின்னர், சாலையோரம் கிடந்த மைக்கியின் உடலை அவன் வீட்டில் கொண்டுசேர்ப்பவரும் அவரே. தூக்கிச் சுமக்கத் தெரிந்த கைகள்தாம்; காலத்தில் நீளவில்லை. கெட்டவர் என்று ஒதுக்கிவிட முடியாத ஒரு தந்தையை நம்முன் நிறுத்தியதே இயக்குநரின் வெற்றி. ‘தி வெடிங் பேங்குவெட்’ (1993), ‘ஈட் டிரிங்க் மேன் வுமன்’ (1994) ஆகிய முந்தைய படங்களிலும் பேசத் தெரியாத தந்தையரின் பாசத்தை அவர் பரிவோடு தீட்டியிருக்கிறார்.

குறையும் உண்டு. நியூயார்க் சென்ற பால், மின்தடையால் இரவெல்லாம் தொடர்வண்டியில் சிக்கிக் காலையில் வந்திறங்குகிறான். பெற்றோரும் தங்கையும் நிலையத்தில் காத்து நிற்கிறார்கள். காரில் மகனைத் திரும்பிப் பார்த்த பென் விம்மி அழுகிறார். அக்கண்ணீர் உண்மையானது. ஆனால் ஹூட் குடும்பம் மீண்டும் ஒன்றுசேர்வதற்கு விலையாக அடுத்த வீட்டு மகனின் உயிரல்லவா சென்றது? மகனை இழந்த கார்வர் வீட்டுக்குப் படத்தின் முடிவு திரும்பவில்லை. நம் பிள்ளை பிழைத்தான் என்ற ஆறுதலோடு திரை இருள்வது நமக்கு நிறைவளிக்கவில்லை.

உறைமழை மனிதரைப் பிரித்தே வைக்கும் என்பதும் முழு உண்மையன்று. படம் திரைக்கு வந்த சில மாதங்களிலேயே, 1998 ஜனவரி 5 முதல் 10 வரை, கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பெரும் உறைமழைப் புயல் அடித்தது. மொன்றியால் நகரின் தெற்கே சில இடங்களில் 100 மில்லிமீட்டருக்கு மேல் உறைமழை பொழிந்தது. மாபெரும் மின்கோபுரங்கள் மடிந்து வீழ்ந்தன. 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் இழந்தனர். சிலருக்கு ஒரு மாதம் கடந்தும் வரவில்லை. வீட்டைச் சூடாக்கவும் மின்சாரத்தையே நம்பிய குடும்பங்கள், விறகடுப்பு உள்ள உறவினர், அயலார் வீடுகளை நாடின. பள்ளிகளிலும் மன்றங்களிலும் அடைக்கலம் பெற்றன. குளிராலும் புகை நஞ்சாலும் மாண்டவர்கள் உண்டு. அத்துயரை மறைத்து அந்நாள்களை இனிமையாக்கக் கூடாது. ஆயினும் ஒரே அடுப்பைச் சுற்றிப் பல குடும்பங்கள் அமர்ந்ததும் அதே புயலில்தான்.

நியூ கேனான் வீடுகளில் இப்படி யாரும் யாரையும் நாடவில்லை. சாவிகள் கைமாறின, ஆனால் ஒருவர் குளிரை மற்றவர் அறியவில்லை. ஆங் லீ காட்டிய வீட்டையும் கியூபெக்கின் விறகடுப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால் படத்தின் ஆழமும் அதன் எல்லையும் தெளிவாகின்றன. வீட்டினுள் ஓசையின்றிச் சேரும் பாரத்தை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படங்கள் மிகச் சிலவே. அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் வழியைப் படம் காட்டவில்லை. பென்னின் கண்ணீரோடு அது நின்றுவிடுகிறது. அங்கிருந்து கார்வர் வீட்டு வாசல்வரை நடக்க வேண்டிய தொலைவு, படம் முடிந்த பின்னும் நம் மனத்தில் எஞ்சி நிற்கிறது.