தோல்வி தொடங்கிய சுற்று

புளூன்ஸ் டிடி 6 ஆடுகிறவர்களிடம் 63 என்ற எண்ணைச் சொன்னால் போதும், பேச்சு எதைப் பற்றியது என்று புரிந்துவிடும். நியூசிலாந்தின் நிஞ்சா கிவி நிறுவனம் 2018-இல் வெளியிட்ட டவர் டிஃபென்ஸ் விளையாட்டு இது. வளைந்து செல்லும் பாதையில் பலூன்கள் அணியணியாக வரும். பாதையோரம் குரங்குகளை நிறுத்தி அவற்றை உடைக்க வேண்டும். 63-ஆம் சுற்றில் ஈய பலூன்களும் செராமிக் பலூன்களும் கொத்துக் கொத்தாக நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. கூரான ஆயுதங்கள் ஈயத்தைத் துளைக்காது. செராமிக் ஓட்டை உடைக்கவே பத்து அடி வேண்டும். உடைத்தபின் உள்ளிருந்து வேறு பலூன்கள் கிளம்பும். ‘சிம்ப்ஸ்’ என்னும் கடினமான முறையில் ஆடுகிறவருக்கு இருப்பதோ ஒரே உயிர். ஒரு பலூன் தப்பினாலும் ஆட்டம் முடிந்தது. பலர் கவிழும் இடம் இது. ஆனால் ஆட்டத்தைப் பின்னோக்கிப் பார்த்தால், அவர்கள் தோற்றது வேறோர் இடத்தில் என்று தெரியும். 40-ஆம் சுற்றில் முதல் ஆகாயக் கப்பல் வருகிறது. அதைக் கிழிக்க 200 அடி வேண்டும். அந்த ஒற்றைப் பெரிய எதிரியை நினைத்து, ஒரே இலக்கை ஓங்கி அடிக்கும் குரங்குகளில் பணத்தைக் கொட்டியவர், 63-இல் வரும் கூட்டத்தைக் கலைக்க ஆளில்லாமல் நிற்கிறார். தவறு நடந்தது 40-களில். தீர்ப்பு வருவது 63-இல். இந்த வகை விளையாட்டுகளை விடமுடியாதபடி ஆக்கும் பதற்றம் இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது என்பது என் வாதம். ஒளியும் ஓசையும் ஏறிக்கொண்டே போகும் எண்களும் அதற்குத் துணைபோகின்றன, அவ்வளவுதான்.

ஓடிக் குதிக்கும், சுடும் விளையாட்டுகளில் தவறும் தண்டனையும் ஒரே நொடியில் நிகழ்ந்துவிடும். விரல் பிந்தியது, ஆள் விழுந்தார், கதை முடிந்தது. டவர் டிஃபென்ஸின் முன்னோடியாகப் பலரும் குறிப்பிடும் ராம்பார்ட் என்ற 1990-ஆம் ஆண்டு அட்டாரி விளையாட்டில்கூட, குறித்த நேரத்துக்குள் மதிலைக் கட்டி முடித்தபின் பீரங்கியைக் குறிவைத்துச் சுடும் வேலை ஆட்டக்காரரிடமே இருந்தது. பின்னால் ஸ்டார்கிராஃப்ட், வார்கிராஃப்ட் 3 ஆகியவற்றின் ரசிகர்கள் தாங்களே வரைந்த மேப்புகளில் இந்த வகை வளர்ந்தபோது, சுடும் வேலை கோபுரங்களிடம் போய்விட்டது. கட்டுவது மட்டும் மனிதரின் பங்கு. ஃபீல்டிங் அமைத்துவிட்டு ஸ்லிப்பில் போய் நிற்கும் கேப்டனின் நிலை இது: பந்து இன்னொருவர் கையில், மட்டை மற்றொருவர் கையில், கணக்கு மட்டும் அவருடையது. பால் பிரீஸ் 2007-இல் உருவாக்கிய டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ் இதை இன்னும் கூர்மையாக்கியது. அதில் பாதை என்று ஒன்றும் வரைந்து வைக்கப்படவில்லை. ஆட்டக்காரர் நிறுத்தும் கோபுரங்களே சுவராகின்றன. எதிரி நடக்கும் சுற்றுவழியை அவரே கட்டுகிறார். வழியை முழுவதுமாக அடைக்க விதி அனுமதிக்காது. ஆகவே எதிரி எந்தச் சந்தில் நுழைந்து தப்பினாலும், அந்தச் சந்தைத் திறந்துவைத்தவர் ஆட்டக்காரரேதான். குறை சொல்ல வேறு யாரும் கிடையாது.

பணம் இந்த இடைவெளியை மேலும் இறுக்குகிறது. புளூன்ஸில் பலூன் உடைந்தால் காசு. உடைக்கக் குரங்கு வேண்டும், குரங்கை வாங்கக் காசு வேண்டும். 50-ஆம் சுற்று வரை முழு வரவு. 51 முதல் 60 வரை பாதி. 61 முதல் 85 வரை ஐந்தில் ஒரு பங்கு. அதன்பின் 100 வரை பத்தில் ஒரு பங்கு. எதிரி கனத்துக்கொண்டே வர, ஒவ்வோர் உடைப்புக்கும் கிடைக்கும் கூலி சுருங்குகிறது. தொடக்கத்தில் வீணாக்கிய ஒரு சிறு தொகை கடைசியில் பெரும் பள்ளமாவது இப்படித்தான். சிம்ப்ஸ் முறை 6-ஆம் சுற்றில் 650 காசோடு தொடங்குகிறது. நிறுத்திய குரங்கை விற்கவும் முடியாது, கூடுதல் வருமானம் தரும் வழிகளும் அடைபட்டவை. பாப்கேப் நிறுவனத்தின் பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸ் (2009) இதே இறுக்கத்தை மென்மையான உடையில் காட்டியது. சூரியகாந்தி நட்டால் நாளைக்கு வரவு. பட்டாணிச் செடி நட்டால் இன்றைக்குப் பாதுகாப்பு. அதை வடிவமைத்த ஜார்ஜ் ஃபேன், உருவாக்கத்தின்போது சூரியகாந்தியின் விலையை 100-இலிருந்து 50-ஆகக் குறைத்தார். இரண்டின் விலையும் சமமாக இருந்தவரை பலரும் பட்டாணியையே முதலில் நட்டார்கள். பாதி விலைக்கு வந்ததும் வருமானத்தை முதலில் தேடத் தொடங்கினார்கள். அதாவது, முதல் ஸாம்பீ வாசலுக்கு வரும் நேரத்தில் சண்டைக்காரனே இல்லாத தோட்டத்தோடு நிற்கும் துணிச்சல் அவர்களுக்கு வந்தது. ஒரு எண்ணை மாற்றியதில், அச்சம் தேடிவந்த விளையாட்டு அச்சத்தை விலைகொடுத்து வாங்கும் விளையாட்டாகிவிட்டது.

இதற்குச் சொல்லப்படும் முதல் மறுப்பு, இதெல்லாம் சூதாட்ட இயந்திரத்தின் வித்தை என்பது. மயிரிழையில் தவறிய வெற்றி மறுபடி விளையாடத் தூண்டும். அதைத்தான் இங்கேயும் பார்க்கிறோம் என்பார்கள். மறுப்பில் உண்மை உண்டு. கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, மயிரிழைத் தோல்வி மனத்துக்கு இனிமையாக இல்லாதபோதும் தொடர்ந்து விளையாடும் ஆசையைக் கூட்டுகிறது என்று காட்டியது. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு முடிவைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: ஆட்டக்காரர் தன் கையால் தேர்வு செய்தபோதுதான் அந்த ஆசை கூடியது. சூதாட்ட இயந்திரத்தில் அந்தக் கட்டுப்பாடு வெறும் தோற்றம். எந்தப் படத்தைத் தேர்ந்தாலும் வாய்ப்பு ஒன்றே. புளூன்ஸிலோ 63-ஆம் சுற்று இன்றைக்கும் நாளைக்கும் ஒன்றே. எந்தப் பலூன், எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் வரும் என்பது முன்பே நிர்ணயமானது. சில குரங்குகளின் குறி அங்குமிங்கும் தவறுவதில் கொஞ்சம் தற்செயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆயினும் தப்பிய கடைசிப் பலூன் ஒரு தகவலைத் தருகிறது: இந்த வளைவில் தாக்குதல் போதவில்லை, இந்த மேம்பாட்டை இரண்டு சுற்று முன்னதாக வாங்கியிருக்க வேண்டும். இயந்திரத்தின் மயிரிழைத் தோல்வி அப்படி எதையும் கற்றுத்தருவதில்லை. மனம் இரண்டு இடத்திலும் ஒரே நரம்பில் சுண்டப்படலாம். ஒன்றில் அந்தச் சுண்டலுக்குப் பின்னால் திறமை வளர்கிறது, மற்றதில் கடன் மட்டுமே வளர்கிறது.

பதற்றம் என்பது ஆட்டக்காரர் சகித்துக்கொள்ளும் தொல்லை, வெற்றிக் களிப்புக்காக அவர் கொடுக்கும் விலை என்று நினைப்பதும் சரியாகப் படவில்லை. உருகுவேயின் அயர்ன்ஹைட் குழு 2011-இல் வெளியிட்ட கிங்டம் ரஷ் இதற்குச் சான்று. அங்கே ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சுவிட நேரம் தருகிறார்கள். அந்த நேரம் முடியும்வரை காத்திருக்காமல் அடுத்த அலையை முன்கூட்டியே அழைத்தால் கூடுதல் தங்கம் கிடைக்கும். தன் ஓய்வைத் தானே விற்கலாம். தேர்ந்தவர்கள் விற்கிறார்கள். இருபது உயிரில் இரண்டுக்கு மேல் இழந்தால் மூன்றாம் நட்சத்திரம் போய்விடும் என்று தெரிந்தும் விற்கிறார்கள். அந்தத் தங்கத்தில் எழும்பும் கோபுரம் அழைத்த அலையையே தாங்குமா என்ற கேள்வியோடு அடுத்த சில நொடிகளைக் கழிப்பதில்தான் இந்த ஆட்டத்தின் சுவை இருக்கிறது. புளூன்ஸின் பந்தய நிகழ்வுகளில் இது உச்சத்துக்குப் போகிறது. குறித்த சுற்றுகளை மிகக் குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கே முதலிடம் என்பதால், ஒரு சுற்று திரையில் இருக்கும்போதே அடுத்தடுத்த சுற்றுகளை அதன்மேல் கொட்டுகிறார்கள். எத்தனை சுற்றை ஒன்றாகச் சேர்த்தால் தன் காவல் உடையும் என்ற கணக்கு நொடிப் பின்னங்களில் நடக்கிறது. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் விளையாட்டு என்று இதை ஒதுக்குகிறவர்கள் ஒரு பந்தயத்தை முழுதாகப் பார்க்கவேண்டும்.

எல்லா மேப்புக்கும் யூடியூபில் விடை கிடக்கும்போது பதற்றம் எங்கே என்ற கேள்வியும் எழுகிறது. எந்தக் குரங்கை எங்கே, எந்தச் சுற்றில் என்று யாரோ காட்டிவிட்டால் மிச்சம் என்ன? விடையை அப்படியே பின்பற்றுகிறவருக்குப் பதற்றம் வெகுவாகக் குறையும்தான். அதுவே என் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. திரையில் ஓடும் பலூன்கள் அவையே, சத்தமும் வேகமும் அவையே. போனது ஒன்றுதான், முடிவெடுத்த பொறுப்பு. பொறுப்பு போனதும் பதற்றமும் போகிறது என்றால், அது எங்கிருந்து வந்தது என்பதில் ஐயம் வேண்டாம்.

பணம் கட்டித் தீர்ப்பைத் தள்ளிப்போட அனுமதிக்கும் விளையாட்டுகள் இந்த வகைக்கே தீங்கு செய்கின்றன என்று நான் கருதுவதும் இதனால்தான். முதல் பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸாம்பீஸில் ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு புல்வெட்டி நிற்கும். ஸாம்பீ அதுவரை வந்துவிட்டால் அது ஒருமுறை ஓடி அந்த வரிசையையே துடைத்துவிடும். பிறகு அந்த ஆட்டம் முடியும்வரை திரும்பாது. எந்த வரிசை பலவீனம் என்பதை ஆட்டக்காரருக்குக் காட்டி, திருத்திக்கொள்ள ஒரே ஒரு தவணை தரும் அருமையான ஏற்பாடு அது. 2013-இல் வந்த இரண்டாம் பாகத்தில், நாணயம் செலவழித்து ஸாம்பீக்களை விரலாலேயே சுண்டியெறியும் சக்தியைத் தந்தார்கள். நாணயத்தை ஆடியும் சேர்க்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். தோட்டத்தை எப்படி அமைத்திருந்தாலும் நெருக்கடியில் விரல் வந்து காப்பாற்றும் என்றால், அமைப்பதில் என்ன பொருள்? புளூன்ஸிலும் சாதாரண முறைகளில் தோற்றபின் ஆட்டத்துக்குள் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தொடரலாம். சிம்ப்ஸ் அதைத் தடை செய்கிறது. பிடிவாதக்காரர்கள் அந்த முறையைத் தேடிப் போவதற்கு முக்கியக் காரணம் அந்தத் தடைதான்.

அடிமைத்தனம் என்ற சொல்லை இங்கே பூசி மெழுகக் கூடாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, விளையாட்டுக் கோளாறை ஒரு நோயாகவே சேர்த்திருக்கிறது. கட்டுப்பாடு இழப்பது, வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டை வைப்பது, கேடு விளைந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஓராண்டு அளவுக்கு நீடிப்பது என்பவை அதன் அளவுகோல்கள். இரவில் தூக்கம் கெட்டு இன்னும் ஒரு சுற்று ஆடுகிறவர் எல்லோரும் அதில் சேரமாட்டார்கள். ஆனால் நான் புகழ்ந்த அதே இடைவெளிதான் நிறுத்த முடியாமையையும் உண்டாக்குகிறது. 47-ஆம் சுற்றில் எடுத்த முடிவுக்கு 63-இல்தான் பதில் என்றால், 55-இல் எழுந்துபோக யாருக்கு மனம் வரும்? தானாகவே அடுத்த சுற்றைத் தொடங்கும் வசதி எழுந்திருக்கும் அந்தச் சிறு கணத்தையும் எடுத்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் நிஞ்சா கிவி மீது எனக்கு ஒரு குறை உண்டு. சிம்ப்ஸை நடுவில் வெளியேறாமல் ஒரே அமர்வில் முடிப்பவருக்குத்தான் கறுப்பு விளிம்புப் பதக்கம். சேமித்துவிட்டுப் போய் மறுநாள் தொடர்கிறவருக்கு அதைவிடக் கீழான பதக்கமே கிடைக்கிறது. இதற்கு நியாயம் இருக்கிறது: சேமித்த இடத்திலிருந்து திரும்பத் திரும்பத் தொடங்கி 63-ஐ ஐந்து தடவை முயல முடிந்தால், ஒரே உயிர் என்ற விதிக்குப் பொருளில்லை. ஆனால் அந்த ஓட்டையை அடைக்க மனிதரை நாற்காலியில் கட்டிப்போட வேண்டியதில்லை. 1987-இல் வந்த நெட்ஹேக் அப்போதே வழிகாட்டியிருக்கிறது: சேமித்துவிட்டுப் போகலாம், திரும்பி வந்து திறந்ததும் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும், இரண்டாம் முயற்சிக்கு இடமில்லை. சிம்ப்ஸிலும் ஒரு சுற்று முடிந்தபின் இப்படிச் சேமிக்க விடலாம். எடுத்த முடிவு மாறாது, தீர்ப்பும் மாறாது, கறுப்பு விளிம்பின் மதிப்பும் குறையாது. ஆட்டக்காரர் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மறுநாள் வந்து 63-ஐச் சந்திக்கலாம்.