மெல்பர்னின் ஓயாத வழக்கு

1859-ஆம் ஆண்டு மே மாதத்தில் டாம் வில்ஸும் அவருடைய நண்பர்கள் சிலரும் மெல்பர்னில் ஒரு விடுதியில் கூடிப் பத்தே விதிகளை எழுதி வைத்தபோது, அவை கிளைத்துப் பெருகி, ஒன்றரை நூற்றாண்டு கடந்த பின்னும் அந்நகரத்தார் அலுவலகத்திலும் டிராம் வண்டியிலும் வழக்காடித் தீராத விஷயமாய் நிலைக்குமென்று நினைத்திருக்க மாட்டார்கள். நீள்வட்ட மைதானத்தில், நீள்வட்டப் பந்தைக் கொண்டு, பக்கத்துக்குப் பதினெட்டுப் பேராக ஆடும் ஆஸ்திரேலியக் கால்பந்தில் விதிமாற்றம் அடிக்கடி நேர்வது. நேரும்போதெல்லாம் அபிமானிகள் இரு கட்சியாய்ப் பிரிவதும் வழக்கம். இந்த வாதத்தை நான் வீண்பேச்சாகக் கருதவில்லை. பிற தேசத்தார் பெரிதும் ஆடாத ஆட்டமாகையால், விதியைத் திருத்த உலக சபை எதனிடமும் கையேந்த வேண்டிய நிலையில் லீக் நிர்வாகம் இல்லை. அதற்குக் கடிவாளம் என்று ஒன்று உண்டானால் அது பார்ப்பவர்களின் வாய்தான்.

'நம் பாட்டனார் பார்த்த ஆட்டத்தைக் கெடுக்கிறார்கள்' என்பது எதிர்ப்போர் முதலில் எடுக்கும் ஆயுதம். அதில் கூர்மை குறைவு. கோலுக்கு ஆறு புள்ளி, பக்கத்துக் கம்பங்களுக்கிடையே போகும் பிஹைண்டுக்கு ஒரு புள்ளி என்று இன்று எல்லோரும் மனப்பாடமாய்ச் சொல்லும் கணக்கு 1897-இல் வந்தது. தரையைத் தொடாமல் எல்லைக்கு வெளியே பறக்கும் உதைக்குத் தண்டனை 1969-இல் வந்தது. பந்தை எழுப்பும்போது நடுவில் நிற்போர் தொகையை வரம்புக்குட்படுத்தும் நடுச் சதுரம் 1975-இல். ஆட்டக்காரரை மாற்றி மாற்றி இறக்கும் இன்டர்சேஞ்ச் 1978-இல். எந்தப் பாட்டனார் பார்த்த ஆட்டம் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

ஆனால், கண்ணெதிரே நடந்த அநியாயத்தைச் சுட்டும்போது அதே அபிமானியின் சொல்லுக்குத் தனி வலிமை வந்துவிடுகிறது. 2008-ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில் ஹாதார்ன் அணியின் தடுப்பாட்டக்காரர்கள், எதிரிகள் நெருக்கும்போதெல்லாம் பந்தைத் தாங்களே தங்கள் கோட்டுக்குப் பின்னே தள்ளி, ஜீலாங் அணிக்கு ஒரு புள்ளியைத் தானம் செய்துவிட்டு, மறுபடி பந்தை உதைக்கும் உரிமையைத் தங்களுக்கே எடுத்துக்கொண்டார்கள். இப்படிப் பதினொரு முறை. முடிவில் 115-க்கு 89 என்று வென்றார்கள். விதியை ஒருவரும் மீறவில்லை. ஆயினும், துரத்தி வந்து எதிரியை மடக்கியவனுக்குப் பலன் இல்லாமல் போனதை மைதானத்தில் இருந்தவர் அனைவரும் கண்டார்கள். வேண்டுமென்றே அவ்வாறு தள்ளுவோருக்கு எதிராக ஃப்ரீ கிக் தரும் விதி 2009-இல் வந்தது. ஓட்டையைக் கண்டு அடைத்த திருத்தம் அது. ஆட்டத்தின் தர்மத்தைக் காத்ததென்றே சொல்வேன்.

ஆட்டத்தின் தோற்றத்தையே விரும்பியபடி வார்க்க முயலும் திருத்தம் வேறு ஜாதி. உதைத்த பந்தைத் தரையில் விழாமல் பிடித்து (மார்க்) நிற்பவனுக்கு எதிரே நிற்கும் ஆள் அசையாமல் நிற்க வேண்டும் என்று 2021-இல் விதித்தார்கள். பந்து விரைந்து ஓடி கோல்கள் பெருக வேண்டும் என்பது நோக்கம். ஆட்டப்போக்கை எவ்விதத்திலும் பாதிக்காத ஓரடி நகர்வுக்காக ஐம்பது மீட்டர் தண்டனை விழுந்து, எதிரி கோல் வாயிலில் போய் நிற்பதைக் காணும்போது, குற்றத்துக்கும் தண்டனைக்கும் பொருத்தம் எங்கே என்று அபிமானி கேட்பது நியாயமே. மாற்று ஆட்டக்காரர் (சப்ஸ்டிட்யூட்) விஷயம் இன்னும் துயரமானது: 2011-இல் வந்தார், 2015-உடன் போனார், 2021-இல் காயம்பட்டவருக்குப் பதிலாக மீண்டும் வந்தார், 2023-இல் எதற்கும் இறங்கலாம் என்றாயிற்று, 2026-க்கு மறுபடி நீக்கம். இத்தனை முறை மனம் மாறியவர்கள், ரசிகரைப் பொறுமையற்றவர் என்று கடிந்துகொள்ள முடியாது.

அபிமானியின் பெருங்குறை பட்சபாதம். ஒருவன் பந்தோடு கீழே விழுகிறான். மேலே நால்வர் கவிகிறார்கள். பந்து அவன் வயிற்றுக்கடியில் எங்கோ கிடக்கிறது. 'பால்!' (பந்தை வைத்துக்கொண்டான், தண்டனை கொடு) என்று அரங்கத்தின் ஒரு பாதி ஒரே தொண்டையாய்க் கத்துகிறது. பந்தை வெளியேற்ற அவனுக்கு முன்னரே அவகாசம் இருந்ததா என்று நடுவர் ஒரு நொடியில் நிர்ணயிக்க வேண்டும். சிறிது நேரத்துக்குப் பின் தங்கள் ஆள் அதே நிலையில் கிடந்தால், கத்தியவர்களே மௌனமாகிவிடுகிறார்கள். ஆகவே, எங்கே வலிக்கிறது என்று சொல்வதில் அவர்களை நம்பலாம். மருந்து சொல்வதில் நம்ப இயலவில்லை.

மருந்தைச் சோதித்துக் கொடுப்பதற்கு நல்ல உதாரணம் அடிலெய்டில் இருக்கிறது. பந்தை எல்லைக்கு வெளியே விட்ட அணிக்கு எதிராக ஃப்ரீ கிக் தரும் முறையைத் தெற்கு ஆஸ்திரேலிய லீக் 2016-லேயே ஏற்றது. ஏறக்குறைய அதே விதியை, இரு கோல்களிலிருந்தும் ஐம்பது மீட்டரில் வரைந்த வளைவுகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு மட்டும், தேசிய லீக் 2026-க்கு அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதைக் கண்ணால் கண்டவர்கள் ஊகத்தை விட்டு அனுபவத்திலிருந்து வாதாட முடிந்தது.

அதே அறிவிப்பில்தான் நடுவட்டத்தில் பந்தைக் குத்தி எழுப்பும் வழக்கமும் கைவிடப்பட்டது. நிர்வாகத்தின் காரணங்கள் பொய்யல்ல: குத்தத் தெரியாத ஒரே குறைக்காக நல்ல நடுவர்கள் பின்தங்கியதுண்டு, கோணலாய் எழுந்த பந்தைத் திரும்ப அழைக்க வேண்டி வந்ததுமுண்டு. ஆயினும், நடுவர் இரு கைகளாலும் பந்தைச் செங்குத்தாய்ப் பற்றி, முழு உடலையும் வளைத்து, அதன் முனையைத் தரையில் ஓங்கி அறைந்துவிட்டுப் பின்வாங்க, அது நெட்டுக்குத்தாய் மேலே ஏறுகையில் இரு நெடியவர்கள் அதை நோக்கித் தாவும் அந்தக் கணம், எந்த அணியின் ரசிகர்களும் ஒன்றாய் ஆர்ப்பரித்த கணம். மைதானத்தின் மற்ற இடங்களில் அதை 2013-இலேயே விட்டுவிட்டார்கள். போட்டியின் முதல் பந்துக்கு மட்டுமாவது மிச்சம் வைத்திருக்கலாம்.