குளிர்கடல் நண்டும் ஜாஹிழின் கேள்வியும்

சிந்துபாத்தின் முதற் பயணத்தை நம்மில் கேட்காதவர் குறைவு. தீவென்று நம்பி இறங்குகிறார்கள், அடுப்பு மூட்டுகிறார்கள், சூடு பட்டதும் 'தீவு' கடலுக்குள் போகிறது. அங்கே அது பெருமீன். 1283இல் மறைந்த கஸ்வீனியிடம் அதே பிராணி கடலாமை. அவருக்கும் நான்கு நூற்றாண்டு முந்திய பஸராவின் அல்-ஜாஹிழ், 'கிதாபுல் ஹயவான்' நூலில் அதை 'ஸரதான்' என்கிறார். அரபியில் நண்டு.

இந்த நண்டுக்கு வடக்கே, நோர்வேயின் குளிர்கடலிலும் ஓர் உறவு உண்டு. பேர்கன் நகர ஆயர் பொந்தொப்பிடான் 1752–53இல் வெளியிட்ட நோர்வே இயற்கை வரலாற்றில் 'கிராகன்' வருகிறது. சிலர் அதையும் நண்டு என்றே அழைத்தார்களாம். முதுகின் சுற்றளவு ஏறக்குறைய ஒன்றரை மைல். பார்வைக்குச் சிறு தீவுக் கூட்டம்.

ஆனால் இரண்டும் ஒரே கதையல்ல. நம்ம பக்கத்து நண்டு சூடு பட்டால் தாழும். வடக்கு நண்டோ கோடையின் வெப்ப நாட்களில்தான் மேலே வரும். 80, 100 பாகம் ஆழம் இருக்கவேண்டிய இடத்தில் தூண்டில் கயிறு 20, 30 பாகத்திலேயே தரை தட்டும், மீனும் குவியும். ஆழம் இன்னும் குறைந்தால் மீனவர் துடுப்பை வலித்துத் தப்பிவிடுவர். வணிகனின் கதையில் அடுப்பும் தரை மேலுள்ள ஆசையும். மீனவனின் கதையில் கயிறும் மீன்பாடும். சொல்பவரின் தொழில்தான் இந்தப் பிராணிக்கு உடம்பு கொடுத்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

பொந்தொப்பிடானின் குறை, மீனவர் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னதைச் சான்றாக எடுத்தது. ஜாஹிழ் அப்படி ஏமாறவில்லை. மாலுமிகள் சொல்வதை முழுதாக எழுதுகிறார். கூடவே, தன் கண்ணால் கண்டேன் என்று சொன்ன ஒருவரையும் தாம் சந்திக்கவில்லை என்றும் எழுதுகிறார். நம்ம பேச்சில் சொன்னால், "ஆரு கண்ட?"

கவலை இதுதான்: பிள்ளைகளுக்கு இக்கதையைத் திருப்பிச் சொல்லும்போது நாம் அற்புதத்தை வைத்துக்கொண்டு ஜாஹிழின் கேள்வியை விட்டுவிடுகிறோம். அந்தக் கேள்வி கதையைக் கொல்லவில்லை. பதினொரு நூற்றாண்டு கடந்தும் கதை இருக்கிறது. நமது மரபு என்று பெருமைப்படுவதானால் இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.